பெயர் மாறாத சிம்மாசனம்

பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதனாலேயே 'பெயரன்' என்றும், பின்னர் 'பேரன்' என்றும் அவனை அழைக்கலானோம். சோழ மன்னர்கள் ஒருவர் பரகேசரி என்றும் அடுத்தவர் ராஜகேசரி என்றும் மாறி மாறிப் பட்டம் புனைந்துகொண்டதைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். இதையொத்த வழக்கத்தை ஐரோப்பாக் கண்டத்தில் வெகு கண்டிப்பாக அனுசரித்து வந்தவர்கள் டென்மார்க் தேசத்து அரசர்கள்.

1513-ஆம் வருஷம் முதல் 1972-ஆம் வருஷம் வரையில், அதாவது 459 வருஷ காலத்தில், அந்தச் சிம்மாசனத்தில் பதினெட்டு அரசர்கள் வீற்றிருந்தார்கள். பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து இரண்டே பெயர்கள்! ஒருவர் கிறிஸ்டியன், அவருக்குப் பின் வருகிறவர் பிரெடரிக், அவருக்குப் பின் மறுபடியும் ஒரு கிறிஸ்டியன். நடுவில் ஒரு தடவையேனும் இந்த வரிசை பிறழவில்லை.

இந்த ஜாபிதாவைப் பார்க்கும் மாணவனுக்குத் தலை சுற்றும். ஐந்தாம் கிறிஸ்டியனையும் ஏழாம் கிறிஸ்டியனையும் வேறு பிரித்து அறிவதற்குள் பரீட்சை வந்துவிடும். ஆனால், சற்றுப் பொறுமையோடு பார்ப்பவர்களுக்கு இதில் ஓர் அரிய பாடம் இருக்கிறது. பெயர் மாறாவிட்டால் ஆட்சியும் மாறாதிருக்குமா? ஒரே பெயரைத் தாங்கியவர்கள் ஒரே விதமாக ஆண்டார்களா? இக்கேள்விகளுக்கு டென்மார்க் சரித்திரம் சொல்லும் விடை நம்மவர்களும் அறியத் தக்கது.

சிறையில் தொடங்கிய வரிசை

இந்த அழகிய வரிசை அன்பினால் தொடங்கவில்லை, சண்டையில் தொடங்கியது. 1513-ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் கிறிஸ்டியன் விசித்திரமான மனிதர். குடியானவர்களை ஆடுமாடுகளைப் போல் விற்கும் கொடிய வழக்கத்தைத் தடுத்துச் சட்டம் செய்தார். அதே மனிதர் 1520-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஸ்வீடன் தேசத்தை வென்று, ஸ்டாக்ஹோம் நகரில் எண்பதுக்கும் மேற்பட்ட பிரபுக்களையும் பிரமுகர்களையும் கொல்வித்தார். ஸ்வீடன் மக்கள் இன்றளவும் அவரைக் 'கொடுங்கோலன் கிறிஸ்டியன்' என்றே குறிப்பிடுகிறார்கள்.

1523-ல் டென்மார்க் பிரபுக்கள் திரண்டெழுந்து அவரை விரட்டிவிட்டு, அவருடைய சிற்றப்பாவுக்குப் பட்டம் கட்டினார்கள். அவர்தான் முதலாம் பிரெடரிக். சில வருஷங்களுக்குப் பின், உயிருக்குப் பயமில்லை என்று எழுதிக் கொடுத்த அபயப் பத்திரத்தை நம்பி, 1532-ல் கிறிஸ்டியன் சமாதானம் பேச வந்தார். சிற்றப்பா அவரைப் பிடித்துச் சிறையிட்டார். இருபத்தேழு வருஷம் காவலிலேயே கழித்து, 1559-ல் அந்தப் பழைய அரசர் மாண்டார். அதற்குள் வெளியே ஒரு பிரெடரிக்கின் ஆட்சி முடிந்து, மூன்றாம் கிறிஸ்டியனின் ஆட்சியும் முடிந்து போயிருந்தது!

அதன் பிறகு வழக்கம் வேரூன்றிவிட்டது. ஐந்தாம் பிரெடரிக்குக்குப் பிறந்த முதல் ஆண் குழந்தைக்குக் கிறிஸ்டியன் என்று பெயரிட்டார்கள். அது இரண்டு வயதில் இறந்துபோயிற்று. அடுத்துப் பிறந்த ஆண் குழந்தைக்கும் கிறிஸ்டியன் என்றே பெயரிட்டார்கள்! மனிதர் முயற்சி பலிக்காத இடங்களில் விதியும் கைகொடுத்தது. நான்காம் கிறிஸ்டியனுடைய மூத்த குமாரர் பெயரும் கிறிஸ்டியன்தான். அவர் பட்டத்துக்கு வந்திருந்தால் வரிசை குலைந்திருக்கும். 1647-ல் தந்தைக்கு முன்னே அவர் காலமானார். தம்பி பிரெடரிக் அரசரானார். 1839-ல் ஆறாம் பிரெடரிக் ஆண் சந்ததியின்றி இறந்தபோது, உரிமை பெற்று வந்த உறவினர் பெயர் கிறிஸ்டியன். 1863-ல் ஏழாம் பிரெடரிக்கோடு அந்தக் கிளையே அற்றுப்போயிற்று. வேறு கிளையிலிருந்து முன்னமே தேர்ந்தெடுத்து வைத்திருந்த இளவரசர் பெயரும் கிறிஸ்டியனாகவே அமைந்தது.

எழுத்தில் ஏறிய எதேச்சாதிகாரம்

ஆரம்ப காலத்தில் டென்மார்க்கில் அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிரபுக்கள் கையில் இருந்தது. பட்டத்துக்கு வருமுன் ஒவ்வோர் அரசரும் பிரபுக்களின் உரிமைகளைக் காப்பதாக உறுதிப் பத்திரம் எழுதித் தரவேண்டும். மூன்றாம் பிரெடரிக் காலத்தில் இந்நிலை தலைகீழாயிற்று. ஸ்வீடனுடன் நடந்த யுத்தத்தில் நாடு பாழாகி, 1658-ல் பல மாகாணங்களை இழந்து, கஜானா வறண்டு கிடந்தது. அந்த வேளையிலும் வரி கொடுக்க மாட்டோம் என்று பிரபுக்கள் பிடிவாதம் செய்தார்கள். 1660-ல் கோபன்ஹேகன் நகரில் கூடிய சபையில் நகரத்து வர்த்தகர்களும் மத குருமார்களும் அவர்கள்மேல் கொண்ட வெறுப்பினால் அரசர் பக்கம் சேர்ந்தார்கள். பட்டம் பரம்பரை பாத்தியதையாயிற்று. பழைய உறுதிப் பத்திரம் ரத்தாயிற்று.

பிரபுக்களின் கொட்டத்தை அடக்கியது நல்லதே. ஆனால் அந்தச் சந்தடியில் மக்கள் தங்களுக்கென்று ஓர் உரிமையும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. 1665-ல் அரசர் ஒரு சாஸனம் செய்தார். மனிதர் செய்யும் சட்டங்கள் யாவற்றுக்கும் மேற்பட்டவர் அரசர் என்றும், அவர் கடவுள் ஒருவருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்றும் அது கூறிற்று. எதேச்சாதிகாரம் செலுத்திய அரசர்கள் உலகில் பலர். அதைச் சட்டமாகவே எழுதி வைத்துக்கொண்டவர்கள் மிகச் சிலர். நாட்டை ஆண்ட இந்தச் சாஸனம் 1709-ஆம் வருஷம் வரையில் அச்சேறவே இல்லை!

கையெழுத்துப் போட்ட பைத்தியம்

பெயரிடத்திலும் பிறப்பிடத்திலும் சர்வாதிகாரத்தை ஒப்படைத்தால் என்ன நேரும் என்பதை ஏழாம் கிறிஸ்டியனுடைய வாழ்க்கை காட்டிற்று. 1766-ல், பதினேழு வயது நிறைவதற்கு முன்பே அவர் அரசரானார். சீக்கிரத்திலேயே சித்தப் பிரமை கண்டது. ஆனாலும் அவர் கையெழுத்தின்றி நாட்டில் ஓர் அணுவும் அசையாது. ஆகவே, அந்தக் கையைப் பிடித்தவனே அரசன் என்றாயிற்று.

முதலில் பிடித்தவர் அவருக்கு வைத்தியம் செய்ய வந்த ஸ்ட்ருவென்ஸே என்ற ஜெர்மன் டாக்டர். 1770-ல் பத்திரிகைத் தணிக்கை ஒழிந்தது. உத்தரவுமேல் உத்தரவாக ஆயிரத்துக்கு மேற்பட்ட சீர்திருத்தங்கள் பிறந்தன. 1771-ல் டாக்டரின் கையெழுத்துக்கும் அரசர் கையெழுத்துக்கும் ஒரே மதிப்பு என்று அரசரே கையெழுத்திட்டார். 1772-ஆம் வருஷம் ஜனவரியில் டாக்டரின் விரோதிகள் நள்ளிரவில் அரசரை எழுப்பினார்கள். டாக்டரைக் கைது செய்யும் உத்தரவிலும் அதே கை கையெழுத்திட்டது. ஏப்ரலில் ஸ்ட்ருவென்ஸேயின் தலை உருண்டது. 1784-ல் பதினாறு வயதான பட்டத்து இளவரசர் மந்திரி சபையில் ஒரு காகிதத்தை நீட்டித் தகப்பனாரிடம் கையெழுத்து வாங்கி, அதுவரை ஆண்டவர்களை வெளியேற்றினார்.

இளவரசரின் ஆளுகையில் நன்மைகளும் விளைந்தன. குடியானவர்களை நிலத்தோடு கட்டிப்போட்டிருந்த சட்டம் 1788-ல் நீக்கப்பட்டது. அடிமை வியாபாரத்தை 1803 முதல் நிறுத்துவதென்று 1792-ல் உத்தரவாயிற்று. இவை யாவும் 'ஏழாம் கிறிஸ்டியன்' என்ற பெயராலேயே வெளிவந்தன. சிம்மாசனத்தில் இருந்தது பெயர் மாத்திரம். மனிதர் எங்கோ இருந்தார்.

நம் கடற்கரையில் அந்தப் பெயர்கள்

இந்த இரு பெயர்களும் தமிழ் நாட்டுக்கு அந்நியமானவை அல்ல. 1620-ல் நான்காம் கிறிஸ்டியனுடைய கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்தன. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ளவும் வியாபாரம் செய்யவும் அவர்களுக்கு அனுமதி தந்தார். நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னோலையில் தமிழில் எழுதுவித்த கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் களஞ்சியத்தில் இருக்கிறது. அதன்பின் தரங்கம்பாடிக் கடைவீதியில் புழங்கிய காசுகளில் கிறிஸ்டியன், பிரெடரிக் என்ற பெயர்களின் முதலெழுத்துகள் முடியோடு பொறிக்கப்பட்டிருந்தன.

நான்காம் பிரெடரிக் அனுப்பிய பாதிரிமார்களான ஸீகன்பால்கும் புளூட்ஷௌவும் 1706-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அங்கே வந்து இறங்கினார்கள். ஸீகன்பால்க் தமிழ் கற்று, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். மத விஷயம் எவ்வாறாயினும், தமிழ் அச்சுக்கலையின் சரித்திரத்தில் அந்த அச்சுக்கூடத்துக்கு ஓர் இடம் உண்டு. 1718-ல் கட்டி முடிந்த புதிய ஜெருசலேம் ஆலயத்தின் முகப்பில் அந்த அரசரின் பெயரெழுத்தை இன்றும் காணலாம்.

வங்காளத்திலும் அவ்வாறே. ஹூக்ளி நதிக் கரையில் 1755-ல் டேனிஷ்காரர்கள் ஸ்தாபித்த ஊருக்கு ஐந்தாம் பிரெடரிக்கின் ஞாபகமாக 'பிரெடரிக்ஸ்நகர்' என்று பெயரிட்டார்கள். நிக்கோபார் தீவுகளுக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள். ஊர் மக்களோ ஸ்ரீராம்பூர் என்ற பெயரை விடவில்லை. கடைசியில் நிலைத்ததும் அதுவே.

1845-ல் எட்டாம் கிறிஸ்டியன் தரங்கம்பாடியையும் ஸ்ரீராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லக்ஷ ரூபாய்க்கு விற்றார். ஒரு கிறிஸ்டியன் வந்து வாங்கினார். வேறொரு கிறிஸ்டியன் விற்றுவிட்டுப் போனார். இடைப்பட்ட 225 வருஷங்களில் அந்த மண்ணில் உழுதவர்களையும் வலை வீசியவர்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே கதை. அங்கே ஸெயின்ட் குரோய் தீவில் கிறிஸ்டியன்ஸ்டெட் என்று ஓர் ஊர், பிரெடரிக்ஸ்டெட் என்று மற்றோர் ஊர். பத்தாம் கிறிஸ்டியன் காலத்தில், 1917-ல், அத்தீவுகளை அமெரிக்காவுக்கு இரண்டரைக் கோடி டாலருக்கு விற்றார்கள். விற்கலாமா என்று டென்மார்க்கில் உள்ளவர்களிடம் வாக்குக் கேட்டார்கள், தீவுவாசிகளிடம் கேட்கவில்லை.

பதினான்கு வருஷத்தில் நேர்ந்த மாறுதல்

1835-ல் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ஆபத்து வந்தபோது, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பிரமுகர்கள் கையொப்பமிட்டு ஆறாம் பிரெடரிக்கிடம் விண்ணப்பம் செய்துகொண்டார்கள். நாட்டுக்கும் மக்களுக்கும் எது நன்மை என்று தீர்மானிக்க வல்லவர் தம்மைத் தவிர வேறொருவரும் இல்லை என்ற கருத்துப்பட அவர் பதில் விடுத்தார். இளமையில் குடியானவர்களின் தளையை அறுத்த அதே இளவரசர்தான் இவர்!

1848-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கோபன்ஹேகன் வாசிகள் ஆயிரக் கணக்கில் அரண்மனை நோக்கி ஊர்வலம் சென்றார்கள். அப்போது பட்டத்துக்கு வந்து இரண்டு மாதமே ஆகியிருந்த ஏழாம் பிரெடரிக், பழைய மந்திரிகளை அதற்கு முன்பே விலக்கிவிட்டதாகத் தெரிவித்தார். 1849-ஆம் வருஷம் ஜூன் 5-ந் தேதி அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டு, ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் முன்னோர்கள் கட்டிக் காத்த எதேச்சாதிகாரத்தைத் துறந்தார். 'மக்களின் அன்பே என் பலம்' என்பதை அவர் தம் விருதுவாக்கியமாகக் கொண்டார். ஆறாம் பிரெடரிக்கின் பதிலுக்கும் ஏழாம் பிரெடரிக்கின் கையெழுத்துக்கும் இடையே பதினான்கு வருஷமே. பெயர் ஒன்று, காலம் வேறு. அக்காலத்தை மாற்றியவர்கள் வீதியில் நடந்த மக்கள்.

ஆயினும் ஒரே நாளில் எல்லாம் கைகூடிவிடவில்லை. பெண்களுக்கும், பிறர் வீட்டில் வேலை செய்து பிழைக்கும் ஏழைகளுக்கும் அச்சட்டம் வாக்குரிமை தரவில்லை. சபையில் பெரும்பான்மையோர் வேண்டிய மந்திரிகளை நியமிக்க ஒன்பதாம் கிறிஸ்டியன் பல்லாண்டுகள் மறுத்து, 1901-ல்தான் இணங்கினார். 1915-ல் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். 1920-ல் பத்தாம் கிறிஸ்டியன் தம் இஷ்டப்படி மந்திரி சபையைக் கலைத்துப் பார்த்தார். தொழிலாளர்கள் பொது வேலை நிறுத்தத்துக்கு ஆயத்தமானதும் பின்வாங்கினார். அதற்குப் பின் எந்த அரசரும் அத்தகைய பரீட்சையில் இறங்கவில்லை.

விடுதலை பெற்றவர்கள் வேண்டிய பெயர்

நார்வே தேசம் பல நூற்றாண்டுகள் டென்மார்க் அரசர்களின் கீழ் இருந்தது. அதன் தலைநகரான ஆஸ்லோ 1624-ல் தீக்கிரையானபோது, நான்காம் கிறிஸ்டியன் அதைப் புதுப்பித்துத் தம் பெயரால் 'கிறிஸ்டியானியா' என்று அழைத்தார். 1814-ல் நார்வே டென்மார்க்கின் கையை விட்டு, ஸ்வீடன் அரசரின் கீழ் வந்தது. 1905-ல் அந்தப் பிணைப்பையும் அறுத்துக்கொண்டு, தனக்கென்று ஓர் அரசரைத் தேடியது.

டென்மார்க்கின் இளவரசர் கார்ல் அழைக்கப்பட்டார். இவர் எட்டாம் பிரெடரிக்கின் இரண்டாம் குமாரர். மக்களின் சம்மதம் தெரியாமல் வரமாட்டேன் என்றார் அவர். வாக்கெடுப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் சம்மதம் அளித்தார்கள். வந்தவர் தம் டேனிஷ் பெயரைக் களைந்து, ஹாகோன் என்ற பழைய நார்வே அரசர்களின் பெயரைச் சூடிக்கொண்டார். ஆறாம் ஹாகோன் இறந்தது 1380-ல். ஐந்நூற்றிருபத்தைந்து வருஷங்களுக்குப் பின் இவர் 'ஏழாம் ஹாகோன்' ஆனார்! அலெக்ஸாண்டர் என்ற அவருடைய இரண்டு வயதுக் குழந்தை ஓலாவ் ஆயிற்று. அந்நியர் ஆண்ட நூற்றாண்டுகளால் தங்கள் சரித்திரம் அறுபடவில்லை என்று அந்த ஓர் எண்ணின் மூலம் நார்வே மக்கள் உலகுக்கு அறிவித்தார்கள். 1925-ஆம் வருஷம் முதல் தலைநகரும் மறுபடி ஆஸ்லோ ஆயிற்று. ஊர்ப் பெயரை மாற்றுவது வீண் ஆடம்பரம் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஐஸ்லாந்தும் 1944-ஆம் வருஷம் ஜூன் 17-ந் தேதி குடியரசாயிற்று. அப்போது டென்மார்க் ஜெர்மானியர் வசம் சிக்கியிருந்தது. தம் கிரீடத்திலிருந்து ஒரு நாடு கழன்று போவதைக் கண்ட பத்தாம் கிறிஸ்டியன் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். அது அவருக்குப் பெருமை.

அந்த யுத்த காலத்தில் அவர் நாட்டை விட்டு நீங்காமல், முதிர்ந்த வயதில், காவலர் துணையின்றிக் குதிரையேறி நகர வீதிகளில் தினந்தோறும் சென்றதைக் கண்டு மக்கள் தைரியம் கொண்டார்கள். அவருடைய தம்பி ஹாகோனோ இங்கிலாந்து சென்று, அங்கிருந்தபடியே நார்வேயின் போராட்டத்துக்குத் தலைமை தாங்கினார். யூதர்களுக்கு விதித்த மஞ்சள் நக்ஷத்திரத்தைக் கிறிஸ்டியன் தாமே அணிந்து சென்றார் என்று ஒரு கதை உலகெங்கும் வழங்குகிறது. அது மெய்யல்ல, டென்மார்க்கில் அந்தச் சின்னம் விதிக்கப்படவே இல்லை. மெய்யாக நடந்தது அதனினும் பெரிது. 1943-ஆம் வருஷம் அக்டோபரில் மீனவர்களும் வைத்தியர்களும் சாமானியக் குடும்பத்தாரும் சேர்ந்து ஏழாயிரத்துக்கு மேற்பட்ட யூதர்களைப் படகேற்றி ஸ்வீடனில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். மக்கள் செய்த அருஞ்செயலைக்கூட அரசர் பெயரில் எழுதி வைப்பது உலக சுபாவம் போலும்!

பெயர் மக்களிடம் சென்றது

ஒன்பதாம் பிரெடரிக்குக்கு மூன்று பெண்கள், பிள்ளை இல்லை. 1953-ல் பொதுஜன வாக்கெடுப்பின் மூலம் பெண்களும் பட்டத்துக்கு வரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 1972-ல் மூத்த குமாரி மார்கரெத் ராணியானார். இரு பெயர்களின் நெடிய வரிசை அங்கே முதல் முறையாக நின்றது. போர்களாலும் பைத்தியத்தாலும் வம்சம் அற்றதாலும் குலையாத வரிசை, பெண்ணுக்கு நீதி செய்ததனால் மாறியது. ஐம்பத்திரண்டு வருஷம் ஆண்டபின் 2024-ஆம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி அவர் பட்டத்தைத் துறந்தார். அவருடைய மூத்த குமாரர் பத்தாம் பிரெடரிக் ஆனார். அவருக்கு அடுத்த வாரிசின் பெயர், சொல்லவும் வேண்டுமோ, கிறிஸ்டியன்தான்.

அன்று முடிசூட்டு விழா நடக்கவில்லை. எதேச்சாதிகாரத்தோடு அந்தச் சடங்கும் ஒழிந்துவிட்டது. பழைய அரசர் பெயரைத் தாங்கிய கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனையில்தான் மக்கள் பிரதிநிதி சபை கூடுகிறது. அதன் மாடத்தில் நின்று, மக்கள் தேர்ந்தெடுத்த பிரதம மந்திரியான ஒரு பெண்மணி புதிய அரசரின் பெயரைக் கூடியிருந்தோர் கேட்க மும்முறை கூறினார். அந்தப் பெண்மணியின் குடும்பப் பெயர் பிரெடரிக்ஸன். 'பிரெடரிக்கின் மகன்' என்பது அதன் பொருள். டென்மார்க்கில் எத்தனையோ சாமானியர்கள் தாங்கும் பெயர் அது. ஒரு காலத்தில் பிரெடரிக் என்ற பெயர் மக்களுக்குச் சட்டம் விதித்தது. இன்று அப்பெயரை அரசருக்கு அறிவித்துக் கொடுப்பவர்கள் மக்களே.